மாற்றிப் போட்ட ஈசிஎம்மும் 11 நாளில் போய்விட்டது, மூன்றாவதை வாங்கலாமா?

பழையவண்டி

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாகக் கேட்ட இடத்தில் எல்லாம் "பெட்டியை மாத்துங்க சார்" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. பெட்டி என்றால் ஈசிஎம், அதாவது என்ஜினை இயக்குகிற கம்ப்யூட்டர். மாற்றியும் ஆயிற்று, அதுதான் பிரச்சினையே.

9 வருஷமான பெட்ரோல் கார், 4 சிலிண்டர். ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் அதற்குப் பொறி தருகிற தனித்தனிக் காயில், ஒவ்வொன்றிலும் 2 பின். போன மாதம் ஒரு நாள் திடீரென்று வண்டி குலுங்க ஆரம்பித்தது, செக் லைட் விட்டு விட்டு மின்னியது. ஸ்கேனரில் பி0303 (3-ம் சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ் ஆகிறது), பி0353 (3-ம் காயில் சர்க்யூட்) என்ற இரண்டு கோட் எண்களும் இருந்தன.

எங்கள் மெக்கானிக் அவசரப்படுகிற ஆள் இல்லை. நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். 3-ம் காயிலை 1-க்கும், 1-ம் காயிலை 3-க்கும் மாற்றிப் போட்டார். மிஸ் ஆவது 3-லேயே நின்றது. பிளக்கைப் புதிதாகப் போட்டார், அப்படியேதான். அப்புறம் காயில் கனெக்டரில் ஒரு எல்இடி டெஸ்ட் லைட்டை வைத்து ஸ்டார்ட்டர் அடித்தார். 1, 2, 4-ல் மினுக் மினுக் என்றது, 3-ல் இருட்டு. அந்த ஒயர் ஈசிஎம் வரை அறுபடாமல் இருக்கிறது என்று மீட்டரின் பீப் சத்தத்தையும் கேட்டோம். "3-ம் காயிலை ஓட்டுற டிரைவர் உள்ளே போயிடுச்சு" என்றார். டிரைவர் என்றால் ஈசிஎம்முக்குள் அந்தக் காயிலை இயக்குகிற பாகம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அதே நம்பர் போட்ட பழைய ஈசிஎம் ஒன்று கிடைத்தது. சாவியைச் சரிபார்க்கிற இம்மொபிலைசரை அதோடு பேச வைத்து மாட்டினார்கள். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. 11-ம் நாள் அதே குலுக்கல், அதே பி0353.

இப்போது அவர் "பழசு வாங்கினதுதான் தப்பு, புதுசு போடலாம்" என்கிறார். போடலாமா? இன்னொன்று: பெட்டி மாற்றியதிலிருந்து என் இரண்டாவது சாவியைப் போட்டால் ஸ்டார்ட் ஆகவில்லை, சாவி விளக்கு மட்டும் மின்னுகிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

வண்டிப்பித்தன்

பழைய ஈசிஎம் என்றால் எந்த விபத்து வண்டியிலிருந்து, எந்தத் தண்ணீரில் மூழ்கிய வண்டியிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? புதுசு போட்டுத் தலைவலியை முடியுங்கள்.

ஈயக்கோல்

நான் ஈசிஎம் பழுது பார்க்கிறவன். மேஜை மேல் தினமும் இந்தப் பெட்டிகள்தான். புதுசு வாங்குவதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். அதுவும் போகும்.

உங்கள் மெக்கானிக் பார்த்தது தப்பில்லை, டிரைவர் போனது உண்மைதான். ஆனால் "எது போனது" என்பதோடு நின்றுவிட்டார். இரண்டு வெவ்வேறு பெட்டியில், நான்கு டிரைவர்களில் அதே மூன்றாவது டிரைவர் மட்டும் போயிருக்கிறது. பெட்டி சரியில்லை என்றால் இரண்டாவதில் வேறு ஏதாவது ஒன்று போயிருக்க வேண்டும். வெளியே ஒன்று உட்கார்ந்துகொண்டு 3-ஐ மட்டும் கொல்கிறது.

முதலில் ஸ்கேனர் காட்டிய கோட் எண்ணைப் பிரித்துப் பாருங்கள். பி0351 முதல் பி0354 வரை முறையே ஏ, பி, சி, டி காயில்களின் சர்க்யூட். பெட்டியின் மூளையே குழம்பியிருந்தால் பி0601, பி0604, பி0606 மாதிரி வரும். ஒன்றில் மெமரி, ஒன்றில் ராம், ஒன்றில் ப்ராசசர். உங்களுக்கு அவை எதுவும் இல்லை. மூளை நன்றாக இருக்கிறது, ஒரு விரல்தான் வெந்திருக்கிறது.

அந்த விரல் செய்கிற வேலை இதுதான். 2 பின் காயிலில் ஒரு பின்னுக்கு நேரடியாக 12 வோல்ட் வரும். இன்னொரு பின்னிலிருந்து வருகிற ஒயரை ஈசிஎம்முக்குள் இருக்கும் பவர் டிரான்சிஸ்டர் சில மில்லிசெகண்டுக்கு எர்த்தில் தொட்டுவிட்டு விடும். விடுகிற கணத்தில்தான் பொறி. தொட்டிருக்கும்போது கரண்டைக் கட்டுப்படுத்துவது காயிலின் சுற்றுகள்தான். அந்தச் சுற்றுகள் நடுவில் இல்லாமல் போனால் 12 வோல்ட் நேராக டிரான்சிஸ்டர் தலையில் இறங்கும். எத்தனை நாள் தாங்கும்?

அப்படி ஆவதற்கு இரண்டு வழி. ஒன்று, காயில் சூடானதும் உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. ஆறினால் மீட்டரில் நல்ல பிள்ளையாகக் காட்டும். இரண்டு, ஈசிஎம்முக்குப் போகும் அந்த டிரைவர் ஒயர், ஒயர் கட்டுக்குள் எங்கேயோ தோலுரிந்து 12 வோல்ட் ஒயரைத் தொடுவது. மெக்கானிக் கேட்ட பீப் சத்தம் ஒயர் அறுந்திருக்கிறதா என்றுதான் சொல்லும், பக்கத்து ஒயரோடு ஒட்டியிருக்கிறதா என்று சொல்லாது.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும்.

முதலாவது, காயிலை மாற்றிப் போட்டீர்களே, பழைய இடத்துக்குத் திரும்பிப் போனதா, அல்லது 3-ம் காயில் இப்போதும் 1-ல்தான் இருக்கிறதா? 1-ல் இருந்து, 1-ம் டிரைவர் இன்னும் உயிரோடு இருந்தால் காயில் மேல் உள்ள சந்தேகத்தை விட்டுவிடலாம்.

இரண்டாவது, இரண்டு தடவையும் குலுக்கல் ஆரம்பித்த அந்த நிமிஷம் வண்டி என்ன செய்துகொண்டிருந்தது? யோசித்துச் சொல்லுங்கள். இந்தக் கேள்விக்கு வருகிற பதில் பல நாள் ஸ்கேனர் வேலையை மிச்சப்படுத்தும்.

சோதனை: இக்னிஷனை அணைத்துவிட்டுச் சில நிமிஷம் விடுங்கள், அணைத்த பிறகும் பெட்டி கொஞ்ச நேரம் விழித்திருக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஈசிஎம் கனெக்டரைக் கழற்றுங்கள். அதற்கு முன் வண்டியின் வெறும் உலோகத்தை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். 3-ம் காயில் கனெக்டரையும் கழற்றுங்கள். இப்போது அந்த டிரைவர் ஒயர் இரண்டு முனையிலும் அநாதை. பேட்டரியை மாட்டி, இக்னிஷனைப் போட்டு, அந்த ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவில் அளந்து பாருங்கள். எதுவும் வரக்கூடாது. அளந்துகொண்டே ஒயர் கட்டை நீளம் முழுக்க ஆட்டிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. மீட்டரின் தடித்த ஊசியைக் கனெக்டர் பின்னுக்குள் திணிக்காதீர்கள். பின் விரிந்துவிட்டால் இன்னொரு கோளாறை நாமே செய்துவைத்த மாதிரி. பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசியால் தொடுங்கள்.

டீசல்காரன்

ஈயக்கோல் சொல்வதற்கு என் அனுபவம் ஒரு சாட்சி. என் டீசல் வண்டியில் ஸ்கேனர் ஈசிஎம்மோடு பேசவே இல்லை, யு0100 வந்தது. பெட்டி செத்துவிட்டது என்று தீர்ப்பு. கடைசியில் பார்த்தால் எர்த் ஒயர் முனையில் துரு. ஸ்டார்ட்டர் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் ஈசிஎம் எர்த் பின்னுக்கும் நடுவில் 2.1 வோல்ட் விழுந்தது. 0.1-க்குள் இருக்க வேண்டிய இடம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததோடு முடிந்தது. சும்மா நிற்கும்போது அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டியது, லோடு வந்தால்தான் தெரிந்தது.

பழையவண்டி

நன்றி ஈயக்கோல் அண்ணா. காயிலைத் திருப்பி மாற்றவே இல்லை. அந்தப் பழைய 3-ம் காயில் இன்னும் 1-ல்தான் இருக்கிறது, 1 ஒழுங்காக ஓடுகிறது.

இரண்டாவது கேள்விக்கு ராத்திரி உட்கார்ந்து யோசித்தேன். முதல் தடவை, தரைக்குக் கீழே இருக்கும் பார்க்கிங்கிலிருந்து சரிவில் ரிவர்ஸில் ஏறிக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவையும் அதே சரிவு, அதே ரிவர்ஸ்! வழக்கமாக வண்டியைத் திருப்பி நிறுத்திவிடுவேன். இடம் கிடைக்காத நாளில் மட்டும்தான் ரிவர்ஸில் ஏறுவேன். இது வெறும் தற்செயலா?

சோதனையையும் செய்தேன். 3-ம் டிரைவர் ஒயரில் 0.00 வோல்ட். ஒயர் கட்டைப் பல்லி மாதிரி தொற்றிக்கொண்டு முழுக்க ஆட்டினேன், 0.00 தான். ஒயர் சுத்தம் என்றுதானே அர்த்தம்?

ஈயக்கோல்

தற்செயல் இல்லை. முன்னால் போகும்போது என்ஜின் அதைத் தாங்குகிற மவுன்ட்டின் மேல் ஒரு பக்கம் சாயும், ரிவர்ஸில் மறுபக்கம் சாயும். சரிவில் ரிவர்ஸ் என்றால் அதிகபட்சம் சாயும். அன்றாட ஓட்டத்தில் தொடாத ஒன்று அந்த நேரத்தில் தொடுகிறது. நீங்கள் பாதி கண்டுபிடித்துவிட்டீர்கள். காயிலும் கணக்கிலிருந்து விலகிவிட்டது.

ஆனால் அந்த 0.00-ஐ நான் நம்பமாட்டேன். அளக்கும்போது காயிலின் இன்னொரு பின்னில், அதாவது 12 வோல்ட் வரவேண்டிய பின்னில், 12 இருந்ததா? பார்த்தீர்களா?

பழையவண்டி

இப்போதுதான் போய்ப் பார்த்தேன். அதிலும் 0.

ஈயக்கோல்

அதுதான். தப்பு என்னுடையது, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பல வண்டிகளில் காயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் 12 வோல்ட் மெயின் ரிலே என்ற மின்சார சுவிட்ச் வழியாகத்தான் வருகிறது. அந்த ரிலேயை இழுப்பதே ஈசிஎம். அதைக் கழற்றி வைத்துவிட்டு இக்னிஷன் போட்டால் ரிலே தூங்கும், கட்டுக்குள் ஓடும் 12 வோல்ட் ஒயர்களில் கரண்டே இருக்காது. திருடன் ஊரிலேயே இல்லாத நாளில் காவல் காத்திருக்கிறோம்.

மெயின் ரிலேயைப் பிடுங்குங்கள். சாக்கெட்டில் 30, 87 என்று எண் இருக்கும் இரண்டு துளையையும் நடுவில் 10 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்த ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். எண்ணைச் சரிபார்க்காமல் இணைக்காதீர்கள், 85-ம் 86-ம் ரிலேயின் சுருள் பக்கம். ஈசிஎம் கழன்றே இருக்கட்டும். காயிலின் 12 வோல்ட் பின்னில் 12 வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். வந்த பிறகு 3-ன் டிரைவர் ஒயரை அளங்கள். 1, 2, 4 காயில்கள் மாட்டியிருந்தால் அவற்றின் டிரைவர் ஒயரில் 12 தெரிவது இயல்பு, காயில் வழியாக வருகிறது. அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம்.

மீட்டரோடு 5 வாட் பல்பு ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் ஒரு பொய்யன், ஒயரில் ஈரம் இருந்தால்கூட ஏதோ ஒரு வோல்ட்டைக் காட்டும். பல்பு எரிந்தால் அது நிஜமான தொடுகை. ஒயரை மட்டும் ஆட்டாமல், ஒருவர் பலகையால் என்ஜினை மெல்ல நெம்பி ரிவர்ஸில் சாய்கிற பக்கம் சாய்க்கட்டும்.

பழையவண்டி

எரிந்தது!!

தம்பி ஒரு மரக்கட்டையை வைத்து நெம்பினான். மூன்றாவது நெம்பலில் பல்பு பளிச்சென்று எரிந்தது, மீட்டரில் 12.3. விட்டதும் அணைந்தது. திரும்ப நெம்பினான், திரும்ப எரிந்தது. இரண்டு பேரும் அங்கேயே குதித்தோம்.

இடத்தைத் தேடவே இன்னும் ஒரு மணி நேரம். என்ஜினைத் தூக்கிப் பிடிக்க மேலே ஒரு இரும்புக் கொக்கி இருக்கிறதல்லவா, அதன் விளிம்புக்கும் வால்வ் கவருக்கும் நடுவில்தான் ஒயர் கட்டு திரும்புகிறது. கட்டைப் பிடித்து வைக்கிற பிளாஸ்டிக் கிளிப்பைக் காணோம். உடைந்து எப்போது விழுந்ததோ. ஒயர் கட்டை மூடியிருக்கும் சுருள் குழாய்க்கு வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு ஒயரின் தோல் தேய்ந்து செம்பு பளபளக்கிறது. ஒன்று 3-ன் டிரைவர், இன்னொன்று இன்ஜெக்டர்களுக்குப் போகும் 12 வோல்ட். கொக்கி கட்டை அழுத்தினால் இரண்டும் முத்தமிடுகின்றன. அரிசி நீளம்கூட இல்லாத காயம் இரண்டு பெட்டியைத் தின்றிருக்கிறது.

டேப் சுற்றினால் போதுமா? அப்புறம் என் பழைய கேள்வி: புதுசா, பழசா?

ஈயக்கோல்

டேப் மட்டும் வேண்டாம். என்ஜின் சூட்டில் பசை இளகி ஒரு வருஷத்தில் உரிந்துவிடும். தேய்ந்த இடத்தில் செம்பு இழைகள் அறுந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி, அதே தடிமன் ஒயர் வைத்து ஈயம் பற்றவைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் குழாய்) போடுங்கள். இழை அறவில்லை என்றால் ஷ்ரிங்க் மட்டும் போதும், ஆனால் அதை நுழைக்க ஒரு முனையிலாவது பின்னைக் கழற்ற வேண்டியிருக்கும். இரண்டு ஒட்டும் ஒரே இடத்தில் வராமல் ஒன்றை முன்னே, ஒன்றைப் பின்னே தள்ளிவையுங்கள். கிளிப்பைப் புதிதாகப் போட்டுக் கட்டைக் கொக்கியிலிருந்து விலக்குங்கள். இதைச் செய்யாமல் மற்றதெல்லாம் வீண்.

பெட்டி விஷயம். உங்கள் வண்டியோடு பிறந்த முதல் ஈசிஎம் எங்கே? எறிந்துவிடவில்லையே?

பழையவண்டி

அலமாரியில் ஒரு பையில் இருக்கிறது. எதற்கு?

ஈயக்கோல்

அதுதான் உங்களுக்கு ஆகச் சிறந்த பெட்டி. உங்கள் வண்டி எண், இம்மொபிலைசர் ரகசியம், சாவிகள் எல்லாம் அதற்கு மனப்பாடம். செத்தது ஒரே ஒரு பவர் டிரான்சிஸ்டர். ஈசிஎம் பழுது பார்க்கிறவரிடம் கொடுத்தால் மூடியைப் பிரித்து, அந்த ஒன்றை மாற்றி, மேஜையிலேயே நான்கு டிரைவரையும் காயில் வைத்து ஓட்டிக் காட்டித் தருவார். பெரும்பாலும் மாட்டினால் ஓடும், கோடிங் எதுவும் வேண்டியிருக்காது. வீட்டு சோல்டரிங் அயர்னோடு நீங்கள் இறங்காதீர்கள். பலகையின் அடியில் சூட்டை உறிஞ்சுகிற உலோகம் இருக்கும், சாதாரண அயர்ன் அங்கே திணறும், நீங்கள் அழுத்துவீர்கள், செம்புத்தடம் உரிந்து வரும். அப்படி உரிந்து வந்த பலகைகள் என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன.

சாவிக்கு வருகிறேன். தொடர்பு உண்டு. சில வண்டிகளில் சாவியைப் பதியும்போது ஏற்கெனவே இருக்கிற சாவிகளை எல்லாம் அழித்துவிட்டு, அந்த நேரத்தில் காட்டியவற்றை மட்டும் சேர்க்கும். அன்று கையில் ஒரு சாவிதான் இருந்திருக்கும். அந்த முதல் ஈசிஎம் திரும்பி வந்ததும் இரண்டாவது சாவி தானாக வேலை செய்யலாம், சாவிப் பதிவு ஈசிஎம்முக்குள் இருந்தால். வேறு பெட்டிக்குள் இருந்தால் மறுபடி பதியவேண்டும். எதற்கும் இரண்டு சாவியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

வண்டிப்பித்தன்

சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். ஒரு சந்தேகம்: முதல் பெட்டி பழுது பார்க்கிற நிலையில் இல்லாமல் தண்ணீர் போய்ப் பச்சை பிடித்திருந்தால்? அப்போது க்ளோன், அதாவது அதன் டேட்டாவை இன்னொரு பெட்டியில் நகலெடுப்பது, செய்யலாமா?

ஈயக்கோல்

மெமரி சிப் உயிரோடு இருந்தால் செய்யலாம். செத்த பெட்டியிலிருந்து ஃப்ளாஷ், ஈப்ராம் இரண்டையும் படித்து, அதே ஹார்ட்வேர் எண் கொண்ட இன்னொன்றில் எழுதவேண்டும். எண்ணில் கடைசி எழுத்து மாறினால்கூட உள்ளே சர்க்யூட் வேறாக இருக்கலாம், லேபிளைப் போட்டோ எடுத்து வைத்து ஒப்பிடுங்கள். எழுதும்போது பேட்டரி இறங்கக்கூடாது. வண்டியிலேயே வைத்து எழுதினால் நிலையான சப்ளை ஒன்று மாட்டித்தான் ஆரம்பிக்கவேண்டும். பாதியில் வோல்ட் விழுந்தால் கையில் செங்கல்தான் மிஞ்சும். டீசலுக்குக் க்ளோன் செய்யாமல் வெற்றுப் பெட்டி போட்டால் இன்ஜெக்டர்களின் தலையில் அச்சிட்ட கோட் எண்களையும் ஒவ்வொன்றாக உள்ளே எழுதவேண்டும், இல்லையென்றால் வண்டி புகைந்துகொண்டே ஓடலாம்.

பழையவண்டி

இரண்டு வாரம் கழித்து வருகிறேன்.

ஒயரைச் சரி செய்து, பல்புச் சோதனையை மறுபடி செய்தோம். தம்பி கை வலிக்க நெம்பியும் எரியவில்லை. முதல் ஈசிஎம்மைப் பழுது பார்க்கக் கொடுத்தேன். மூடியைத் திறந்தபோது காட்டினார்: நான்கு டிரான்சிஸ்டர் வரிசையாக இருக்கின்றன, மூன்றாவதின் முதுகில் ஒரு சின்ன கரும்புள்ளி, கடுகு அளவு. இவ்வளவு அலைச்சலும் அந்தக் கடுகுக்குத்தான்.

மாட்டியதும் முதல் நாள் ஐடிலிங் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பயந்துபோய் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். பேட்டரி கழற்றியதில் பெட்டி கற்றதை மறந்திருக்கும் என்று சொல்லி, ஸ்கேனரில் த்ராட்டில் அடாப்டேஷன் (காற்று வால்வின் நிலையை மறுபடி கற்றுக்கொடுப்பது) ஒன்று ஓட்டினார், அடங்கிவிட்டது. அவருக்கு இந்தத் திரியைப் படித்துக் காட்டினேன். ரிலே விஷயம் வந்த இடத்தில் "அட" என்று சொல்லி, போனை வாங்கி இன்னொரு தடவை படித்தார்.

இரண்டாவது சாவியும் வேலை செய்கிறது. தினமும் வேண்டுமென்றே அந்தச் சரிவில் ரிவர்ஸில்தான் ஏறுகிறேன். இதுவரை 14 தடவை. செக் லைட் வரவில்லை.

ஒன்றே ஒன்று பாக்கி. 11 நாள் உழைத்த அந்த இரண்டாவது பெட்டியை என்ன செய்வது?

ஈயக்கோல்

அதிலும் அதே டிரான்சிஸ்டரை மாற்றி, முதல் பெட்டியின் டேட்டாவை முழுசாகப் படித்து இதில் எழுதச் சொல்லுங்கள். காய்ந்த பையில் போட்டு, லேபிளில் தேதி எழுதி, அதே அலமாரியில் வையுங்கள். முதல் பெட்டியின் ஃபைலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கம்ப்யூட்டரில் இரண்டு இடத்தில் சேமியுங்கள். தம்பிக்கு என் சார்பில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.